சோமுவின் காது: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

2024 அக்டோபர் 19, சனி

மூன்று நாளாக வீட்டுக்குள் ஒரு புளித்த வாடை. காயாத கால்மிதியா, கட்டிலுக்கடியில் செத்துக் கிடக்கும் பல்லியா என்று அலைந்தேன். கடைசியில் மூக்கு போய் நின்ற இடம் எங்கள் நாய் சோமுவின் காது. காக்கர் ஸ்பானியலுக்குக் காது மடல் முகத்தைவிட நீளம். தூக்கிப் பார்த்தால் உள்ளே செக்கச் சிவந்து, பழுப்பு மெழுகு அப்பியிருக்கிறது. அம்மா தேங்காயெண்ணெயில் வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஊற்றினார். தலையைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.

அக்டோபர் 22, செவ்வாய்

சொறிவது கூடியது, தலையை உதறி உதறிச் சுவரெல்லாம் எண்ணெய்ப் புள்ளி. டாக்டரிடம் கொண்டுபோனேன். காதுக்குள் விளக்கு வைத்துச் செவிப்பறை கிழியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மெழுகைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, "நீங்களே பாருங்கள்" என்றார். நுண்ணோக்கியில் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி வேர்க்கடலைகள். இடுப்பு ஒடுங்கிய அதே வடிவம்! மலசீசியா என்னும் ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. நல்ல நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்குமாம். ஈரமும் கொழுப்புப் பசையும் கிடைத்தால் பெருகிவிடுமாம். எண்ணெய் வைத்தியத்தைச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் போதும்.

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. பஞ்சுக்குச்சி விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். கழுவும் மருந்தை ஊற்றி, காதின் அடியைப் பிசைந்து, வெளியே வருவதை மட்டும் துடைக்க வேண்டும். அதன்பின் சொட்டு மருந்து.

இரவில் படித்தது: நாய்களைத் தொல்லை செய்யும் இந்த இனத்தை 1925இல் முதலில் விவரித்தபோது, அது கிடைத்தது ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் தோலில். தடித்த தோலைக் குறிக்கும் 'பாக்கிடெர்மாட்டிஸ்' என்ற பெயர் அதனால்தான். சோமுவுக்குக் காண்டாமிருகத்தோடு உறவு.

நவம்பர் 3, ஞாயிறு

விரலிடுக்கிலும் இருக்கிறதாம். நக்கி நக்கி வெள்ளை முடி துருநிறமாகிவிட்டது. கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினும் பூஞ்சைக்கொல்லியான மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, வாரம் இருமுறை. நுரையோடு பத்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். ஈரநாயோடு குளியலறையில் பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பட்டவருக்குத்தான் தெரியும். பூனை வள்ளி வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவளுக்குத் தொற்றுமா என்று கேட்டிருந்தேன், பொதுவாக இல்லையாம். பூனைக்கு உடம்பு முழுதும் இது பரவினால், உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று தேடுவார்களாம்.

நவம்பர் 17, ஞாயிறு

வாடை போய்விட்டது. தகட்டில் தேடித்தான் ஒன்றிரண்டு வேர்க்கடலை. ஆனாலும் பாதத்தை நக்குவது நிற்கவில்லை. ஈஸ்ட் என்பது அழைத்தால் வரும் விருந்தாளிதான், அழைப்பது ஒவ்வாமை என்கிறார் டாக்டர். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கொடுத்தாயிற்று. அடுத்தது, ஒவ்வாமை உணவாலா என்று அறிய உணவுச் சோதனை: எட்டு வாரம் அவர் எழுதித் தந்த உணவு மட்டுமே. மருந்துச் செலவைவிட இதுதான் எனக்குப் பயம். வீட்டில் அம்மா இருக்கிறார்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் இல்லை. காற்றுச் சத்தத்துக்குச் சோமு நடுங்கியிருக்கிறான். அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் பால் பிஸ்கட் கொடுத்திருக்கிறார். எத்தனை என்று கேட்டேன். "பிள்ளை பயந்துபோயிருந்ததடா" என்றார்.

பொட்டலத்தில் மீதி இரண்டுதான் இருக்கிறது. நாட்காட்டியில் இரண்டு வாரக் கோடுகளை அழித்துவிட்டு, இன்றைய தேதிக்கு நேராக 'முதல் நாள்' என்று எழுதினேன்.