கன்னத்தால் இயங்கும் கைபேசி

பழைய கைபேசியின் பேட்டரி உப்பி, பின்மூடி பூரியைப் போல எழும்பிய பிறகுதான், வேறு வழியில்லாமல் புதியது வாங்கப் போனேன். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. உட்பட ரூ.18,999 ஆயிற்று. கடையில் இருந்த இளைஞர் கேமராவைப் பற்றி அரை மணி நேரம் விளக்கி, எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியின் கரை வரை பெரிதாக்கிக் காட்டினார். இதில் பேச முடியுமா என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கைபேசிக் கடையில் யார்தான் அப்படிக் கேட்கிறார்கள்?

முதல் வாரத்தில் தென்பட்ட சில்லறைக் குறைகளை நான் பெரிதுபடுத்தவில்லை. மணி பார்க்கக் கையில் எடுத்தால், பூட்டிய திரையிலேயே உடனடிக் கடன் வேண்டுமா என்று ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்பார். சார்ஜைச் சேமிப்பதற்காக வாட்ஸ்அப்பை அது தூங்கவைத்துவிடுவதால், ‘வரும்போது பால் வாங்கி வரவும்’ என்று மனைவி ஆறு மணிக்கு அனுப்பிய செய்தி, நான் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ‘டிங்’ என்று வந்து சேரும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அழைப்பு வரும்போதுதான் தொடங்கியது.

கைபேசியைக் காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும். விரலுக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாத தொடுதிரைக்கு, மின்சாரம் கடத்தும் எந்தத் தோலும் விரல்தான் என்பதால், திரை அணையாவிட்டால் கன்னமே பொத்தான்களை அழுத்தத் தொடங்கிவிடும். 2007 ஜனவரியில் முதல் ஐபோனை மேடையில் அறிமுகப்படுத்தியபோதே ஸ்டீவ் ஜாப்ஸ் இதற்கென ஓர் உணரி இருப்பதைச் சொல்லிக் காட்டினார். அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கும் கடுகளவு கருவி அது. இத்தனை ஆண்டு பழைய, தீர்ந்துபோன சிக்கல் என் 18,999 ரூபாய்க் கைபேசியில் புத்துயிர் பெற்றிருந்தது. அழைப்பின்போது திரை பளபளவென்று எரிந்துகொண்டே இருக்க, என் வலது கன்னம் தன்னிச்சையாகச் செயல்படத் தொடங்கியது.

முதலில் அது மியூட் பொத்தானைத்தான் கண்டுபிடித்தது. கும்பகோணத்திலிருந்து அம்மா பேசினார். எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில் சாம்பார் நீர்த்துப்போனது முதல் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்தது வரை விரிவாகச் சொல்ல, நானும் உரிய இடங்களிலெல்லாம் “அப்படியா”, “அடப்பாவமே” என்று ஈடுபாட்டோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றுகூட அவர் காதுக்குப் போகவில்லை. “பத்து நிமிஷமாப் பேசறேன், ஒரு ‘ம்’கூடச் சொல்ல மாட்டேங்கறே, எம்மேல என்னடா கோபம்?” என்று அழாத குறையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் சமாதானம் ஆனார்.

அடுத்து பெரியப்பா. அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது கன்னம் வீடியோ அழைப்புக்கு மாறும்படி கோரிக்கை அனுப்ப, நான் ஆசையோடு முகம் பார்க்க விரும்புகிறேன் என்று எண்ணி அவரும் ஏற்றுக்கொண்டார். எண்பது வயதைத் தாண்டியவர், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தால், திரை முழுவதும் என் காது. கடையில் புகழப்பட்ட கேமராவின் திறமையை அன்றைக்கு முழுமையாக அனுபவித்தவர் அவர் ஒருவர்தான். “தம்பி, உள்ள நெறைய அழுக்கு சேர்ந்திருக்குப்பா, நல்ல காது டாக்டராப் பார்த்துக் காட்டு” என்றார். ஊரில் இருந்த உறவினர்கள் மூன்று பேர் அந்த வாரத்திலேயே என் காதை நலம் விசாரித்தார்கள்.

ஆனால் கன்னத்தின் சாதனைகளில் தலையாயது அலுவலகத்தில் நடந்தது. மேலாளர் மாதக் கணக்கைப் பற்றிக் கடுமையாகப் பேசிக்கொண்டிருக்கையில், அது ‘அழைப்பைச் சேர்’ என்பதை அழுத்தி, அதற்கு முன் நான் பேசிய எண்ணான தெருமுனை மாவுக் கடையை அழைத்து, அந்த அக்கா எடுத்ததும் இரண்டு அழைப்புகளையும் இணைத்தும்விட்டது. விரலால் நானாகவே முயன்று இதுவரை ஒரு முறைகூட நான் செய்து முடிக்காத வேலை இது. “இன்னிக்குள்ள அனுப்பிடுவீங்களா, மாட்டீங்களா?” என்று மேலாளர் அதட்ட, “அனுப்பிடறேன் சார், இட்லி மாவா தோசை மாவா?” என்று பதில் வந்தது. சிறிது நேரம் மூவரும் பேசவில்லை. பிறகு மேலாளர், அரைக் கிலோ என்ன விலை என்று அவரிடம் கேட்டார். இப்போது அவர் வீட்டுக்கும் அங்கிருந்துதான் மாவு போகிறது. அந்த வகையில் கன்னத்தால் ஒருவருக்காவது நன்மை விளைந்தது.

சேவை மையத்தில் டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கைபேசியை இயக்கிக்கூடப் பார்க்காமல், மேலே ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸ்தான் காரணம் என்றார். முந்நூறு ரூபாய்க் கண்ணாடியை என் கண்முன்னே பிய்த்தெடுத்தார். குறை அப்படியே இருந்தது. பிறகு கைபேசியைக் காதில் வைக்கும் கோணம் சரியில்லை என்றார். ஐம்பத்திரண்டு வயதில் காதில் போன் வைப்பது எப்படி என்று பாடம் கேட்கும் நிலைக்கு ஆளானதை எண்ணி நான் நொந்துகொண்டிருந்தபோது, அவர் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். இந்த மாடலில் அந்த அகச்சிவப்புக் கருவியே கிடையாதாம். காதுப் பக்கத்து ஸ்பீக்கர் நம் செவிக்கு எட்டாத ஒலியை அனுப்ப, அதன் எதிரொலியை மைக் வாங்க, கன்னம் அருகில் இருக்கிறதா என்பதை மென்பொருள் கணக்கிடுகிறதாம். வௌவால் இருட்டில் செய்யும் வேலை. வௌவால் சுவரில் மோதுவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். “அப்டேட் வரும் சார்” என்று முடித்துவைத்தார்.

அப்டேட்டும் வந்தது. இரவு முழுக்க இறங்கி, காலையில் கைபேசி தானே அணைந்து எழுந்தபோது, குறை தலைகீழாகத் திரும்பியிருந்தது. இப்போது யாரை அழைத்தாலும் அந்தக் கணமே திரை அணைந்துவிடும். காதிலிருந்து எடுத்தாலும், மேசையில் வைத்தாலும், வெயிலில் காட்டினாலும் வெளிச்சம் வராது. பேசி முடித்தால் வைக்க வழியில்லை. இதற்காக மகள், பவர் பொத்தானை அழுத்தினால் அழைப்பு துண்டிக்கப்படும்படி ஓர் அமைப்பை மாற்றிக் கொடுத்தாள்.

அந்தத் துணிச்சலில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். தமிழில் தொடர எண் இரண்டை அழுத்தவும் என்றது பதிவுசெய்த குரல். எங்கே அழுத்துவது? கரும்பலகை போலிருந்த திரையில் இரண்டு இருக்கக்கூடிய இடத்தை உத்தேசமாகக் குத்திப் பார்த்தேன். ஸ்பீக்கரில் போடலாமென்றால் அந்தப் பொத்தானும் அதே இருட்டுக்குள்தான் இருந்தது. மூன்று முறை பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று வருத்தம் தெரிவித்து அந்தக் குரல் விலகிக்கொண்டது. மறுமுறை அழைத்து, பதற்றத்தில் திரையை எழுப்புவதற்காகப் பவர் பொத்தானை அழுத்தினேன். மகள் செய்துவைத்த ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது. கடைசியில் மனைவியின் பழைய கைபேசியிலிருந்து பேசித்தான் புகாரைப் பதிவு செய்தேன்.

இரண்டாவது அப்டேட் பத்து நாளில் வந்தது. திரை மறுபடியும் அணையாமல் எரியத் தொடங்கியது. பழைய நிலைமையே எவ்வளவோ மேல் என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் நிறுவனத்திலிருந்தே அழைப்பு வந்தது. தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள். எண் பலகையைத் திறந்து, இத்தனை நாள் ஏக்கமும் தீர, விரலாலேயே அழுத்தினேன். ஒரு பெண் மிகவும் பணிவாக என் குறைகளை முழுவதும் கேட்டு, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று கூறி விடைபெற்றார். எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் அளிக்கவும் என்று அதன்பின் பதிவுக் குரல் கேட்டது. ஒன்று போடுவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியைக் காதிலிருந்து எடுப்பதற்குள், ‘நன்றி’ என்று சொல்லி அழைப்பு முடிந்துவிட்டது.

சிறிது நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. நான் அளித்த 5 மதிப்பெண் அவர்களுக்கு மிகுந்த ஊக்கத்தைத் தருகிறதாம். எண் பலகையைத் திறந்து கைபேசியைக் காதில் வைத்துக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். ஐந்து நட்டநடுவில் இருக்கிறது. என் கன்னத்தின் மேடும் சரியாக அங்கேதான் படுகிறது.