பங்கீடு முதலில், ஃபண்ட் பிறகு

பல இடங்களில் சிதறிக் கிடந்த சேமிப்பை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவர முடிவெடுத்தபோது, எந்த மியூச்சுவல் ஃபண்டை வாங்குவது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். எந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்பதைத்தான் முதலில் எழுதினேன். ஐந்தாண்டுகளுக்குள் கைக்கு வர வேண்டிய தொகை வைப்புநிதிக்கும் குறுகிய காலக் கடன் பத்திரங்களுக்கும் உரியதாயிற்று. ஓய்வுக்காலத்துக்கான பணத்தை மட்டுமே பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு உட்படுத்தலாம் என்று பட்டது.

எவ்வளவு இறக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. ஆலோசகர்கள் தரும் வினாத்தாளை நிரப்பினால் 'மிதமான ரிஸ்க்' என்ற விடை வந்துவிடும். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அதனால் 2007 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறத்தாழ 57 சதவீதம் சரிந்ததை எடுத்துக்கொண்டு, அதே சரிவு என் பணத்துக்கு நேர்ந்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். பாதியாகிவிட்ட தொகை பழைய நிலையை எட்ட 100 சதவீதம் உயர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே, ஓய்வுக்காலப் பணத்தில் பங்குகள் 60, கடன் பத்திரங்கள் 40 என்ற பங்கீட்டுக்கு வந்தேன்.

அதன்பின் ஆலோசகர்களைச் சந்தித்தேன். பெரும்பாலும் கடந்த சில ஆண்டுகளின் லாப வரைபடத்தைத்தான் காட்டினார்கள். நான் கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன். 1,00,000 என்ற தொகை ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டுகளில் சுமார் 7,61,000 ஆகும்; கட்டணமாக ஒரு சதவீதம் கழிந்து 6 சதவீதமே வளர்ந்தால் சுமார் 5,74,000தான். ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது. பங்குகளைத் தேர்ந்தெடுத்து ஃபண்டுகளை நடத்தும் எல்லா மேலாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் ஈட்டுவது சந்தையின் சராசரியைத்தான், கட்டணம் கழித்தால் அதற்கும் குறைவு என்று பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் 1991-இல் காட்டிய எளிய கணக்கும் என் மனத்தில் இருந்தது. திறமையான மேலாளர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. யார் என்பதை முன்கூட்டியே கண்டறிய எனக்கு வழி தெரியவில்லை. ஆகவே பங்குப் பகுதிக்கு, ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டுகளே போதும் என்று தீர்மானித்தேன். அவற்றிலும் ஆண்டுக் கட்டணத்தைச் சொல்லும் செலவு விகிதத்தோடு நிற்காமல், குறியீட்டின் வருமானத்துக்கும் ஃபண்டின் வருமானத்துக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதைப் பார்த்தேன்.

கையில் இருந்த பழைய ஃபண்டுகளின் பங்குப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, முதல் பத்து இடங்களில் பெரும்பாலும் அதே நிறுவனங்கள் வரிசை மாறி நின்றன. பெயர்கள் பலவாக இருந்தனவே தவிர, ரிஸ்க் பரவலாகவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றால் வரியும் வெளியேறும் கட்டணமும் சேர்ந்து பாதிக்கும் என்பதால், அவற்றில் புதிய பணம் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, பழையதைப் படிப்படியாக மாற்றினேன்.

இப்போது பின்பற்றும் விதி ஒன்றே. பங்குகளின் அளவு 60 சதவீதத்திலிருந்து ஐந்து புள்ளிகளுக்கு மேல் விலகினால் சரிசெய்ய வேண்டும். அதையும் முதலில் புதிய சேமிப்பைக் குறைந்த பக்கத்தில் போட்டுச் சரிசெய்யப் பார்க்கிறேன், அது போதாதபோதுதான் விற்கிறேன்.