பதினைந்தாயிரம் டாலர் பேய்

'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தில் பேய்க்கு முன்னால் ஒரு ஹம்மிங் வருகிறது. எர்த் சரியில்லாத ஆம்ப்ளிபயரில் வருமே, அதே ஜாதிச் சத்தம். முக்கூடல் பக்கம் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் நான். முதல் தடவை கேட்டதும் கை தானாக டிவி பிளக்குக்குப் போனது. வீட்டுக்காரி "என்ன, கரண்ட் போகப்போகுதா?" என்றாள். பேய் வரப்போகிறது என்றேன்.

2007-இல் எடுத்த படம். இயக்குநர் ஓரென் பெலி, அமெரிக்காவில் சான் டியாகோவில் இருந்த தன் சொந்த வீட்டிலேயே ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். செலவு 15,000 டாலர். அன்றைய கணக்கில் ஆறு, ஏழு லட்ச ரூபாய். ஒரு பெரிய ஊரில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி பிரித்தால் சேருகிற பணம்தான். நடித்த கேட்டிக்கும் மைக்காவுக்கும் படத்திலும் அதே பெயர்கள். வசனம் எழுதித் தரவில்லை. நிலைமையை மட்டும் சொல்லிப் பேசவிட்டிருக்கிறார். 2009-இல் பெரிய அளவில் வெளியாகி, 19 கோடி டாலருக்கு மேல் வசூல்.

படுக்கையறையில் ஸ்டாண்டில் நிற்கும் ஒரே கேமரா. ஓரத்தில் மணி வேகமாக ஓடுகிறது. ஓட்டம் குறைந்து சாதாரண வேகத்துக்கு வந்தால், சரி, ஏதோ நடக்கப்போகிறது. என்ன நடக்கிறது? கதவு ஒரு சாண் அசைகிறது, அவ்வளவுதான். ஒரு ராத்திரி கேட்டி எழுந்து, கட்டில் பக்கத்தில் நின்று, தூங்குகிறவனையே பார்க்கிறாள். மணி பறக்கிறது, அவள் லேசாக ஆடிக்கொண்டு நிற்கிறாள். ரத்தம் கிடையாது, பல் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது.

இந்த அமைதி எனக்குப் பழக்கம். சுடலைமாடன் கொடையில் நடுராத்திரி சாமக்கொடைக்கு அப்புறம் சாமி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும். நாங்கள் செட்டை நிறுத்திவிடுவோம். அதுவரை மகுடம் என்கிற மேளமும் வெடியும் காதைக் கிழித்திருக்கும். நிறுத்தியபின் ஜெனரேட்டர் மட்டும் தூரத்தில் ஓடும். சிறுபிள்ளைகள் அம்மா மடியில் ஒண்டுவது மகுடம் அடிக்கும்போது அல்ல, அப்போதுதான். பெலி எந்தக் கொடையையும் பார்த்திருக்க மாட்டார், ஆனால் விஷயம் தெரிந்த ஆள்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் அரை மணி நேரம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மைக்கா பேயை வம்புக்கு இழுக்கிறான். தரையில் பவுடரைத் தூவிக் காலடி பார்க்கிறான். பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை: "சவத்துப்பய, சும்மா கெடந்தத இவன்லா கூப்பிடுதான்." கடைசிக் காட்சி ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் யோசனைப்படி மாற்றியதாம். திடுக்கிட வைக்கிறது, உண்மைதான். ஆனால் அதுவரை பிடித்திருந்த நிதானத்தைப் போட்டு உடைத்துவிட்டது என்பது என் கட்சி.

டிவி பக்கம் வந்தால் நேர் எதிர். சாயங்காலம் அம்மாவின் சீரியல்களில் கதவு திறந்தால் இடி, மாமியார் திரும்பினால் இடி, அதே முகம் மூன்று தடவை. அடுப்பில் நிற்கிறவளுக்கும் கதை கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கூச்சல் என்று புரிகிறது. காதுக்குப் புரியவில்லை.

வெப் சீரிஸில் 'சுழல்' முதல் பாகம் பார்த்தேன். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னியது பிடித்தது. அது வடக்கே அங்காளம்மன் கோயில்களில் நடப்பது, எங்கள் பக்கம் இல்லை. 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. எஸ்.ஜே. சூர்யாவுக்காகக் கடைசிவரை உட்காரலாம். எட்டு எபிசோடை ஆறாக்கியிருந்தால் இன்னும் நல்லது.

இப்போது ஓடுவது பழைய டிவி தொடர் 'விடாது கருப்பு', யூடியூபில். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். தொண்ணூறுகளின் படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் குதிரைக் குளம்படிச் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு ஊரையே நடுங்க வைக்கிறார்கள். அருவாள் பிறகுதான் வருகிறது. அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதை வீட்டுக்காரி எபிசோடுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறாள்.

'பாராநார்மல்' இரண்டாம் பாகமும் போட்டுப் பார்த்தோம். 2010, செலவு 30 லட்சம் டாலர், வீடு முழுக்கக் கேமரா. அடுக்களை அலமாரிகள் எல்லாம் ஒரே நொடியில் படாரென்று திறந்து சாமான் சிதறுகிற இடத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அம்மா அசையவில்லை. "இத இனி யாரு எடுத்து அடுக்கது?" என்றாள்.