பெக்கா ஒயினைச் சூட்டோடு ஊற்றாதீர்கள்

லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலிருந்து டமாஸ்கஸ் சாலையில் மலையேறி, தஹ்ர் எல் பைதர் கணவாயைத் தாண்டி இறங்கினால் ஒயினுக்குப் பேர்போன பெக்கா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். கோடைப் பகலில் வெயில் கொளுத்தும். ராத்திரியில் மேலே போர்த்திக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கும். வெயிலில் திராட்சை நன்றாகப் பழுக்கிறது, குளிரில் அதன் புளிப்பு குறையாமல் நிற்கிறது. வண்டியை ஓட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அன்றைய பாதுகாப்பு நிலவரத்தையும் விசாரித்துவிடுங்கள்.

முதலில் ஸாஹ்லே ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஷாட்டோ க்ஸாரா ஒயின் ஆலை. 1857-இல் இயேசு சபைத் துறவிகள் தொடங்கிய இடம். அடியில் ரோமானியர் காலக் குகைகள், சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே 11 முதல் 13 டிகிரிதான்.

வெளியே உணவகத்தில் கெடுவது இந்த வெப்பநிலைதான். கோடையில் மேசைமேல் நிற்கும் சிவப்பு ஒயின் 28 டிகிரிக்கு ஏறிவிடும். ஊற்றியதும் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழவாசனை அமுங்கிவிடும். கூச்சப்படாமல் ஐஸ் வாளி கேளுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் பாட்டிலோடு ஒட்டி நிற்காது, குளிர ரொம்ப நேரமாகும். 15 நிமிடத்தில் எடுத்துவிடலாம். கனமான சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, சின்சோ என்ற திராட்சையில் செய்யும் லேசான சிவப்புக்கு 14 போதும்.

ருசி பார்க்க 50 மில்லி ஊற்றினால் போதும். குவளையைச் சுற்றும் முன் ஒருமுறை மோந்து பாருங்கள், சுற்றியபின் இன்னொரு முறை. வாயில் வைத்ததும் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறு இறுகினால் துவர்ப்பு. விழுங்கியபின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். அங்கேதான் நல்ல ஒயின் தன்னைக் காட்டும்.

ஷாட்டோ முஸார் என்ற இன்னொரு ஆலையின் ஒயினுக்கு மட்டும் தனிப் பொறுமை வேண்டும். அந்த ஆலையை 1930-இல் காஸ்டன் ஹோஷார் தொடங்கினார். அவர் மகன் செர்ஜ் ஹோஷார் அதை உலகம் அறியச் செய்தார். திராட்சை பெக்காவில், ஒயின் செய்யும் இடமோ மலைக்கு அந்தப் பக்கம் காஸிரில். உள்நாட்டுப் போர்க்காலத்திலும் அறுவடையை லாரியில் ஏற்றி மலை தாண்டிக் கொண்டுபோனார்கள். சிவப்பில் கேபர்நே சாவிஞ்ஞோன், சின்சோ, கரிஞ்ஞான் என்ற மூன்று திராட்சைகளும் சேரும். அறுவடை முடிந்து சுமார் 7 ஆண்டு கழித்துத்தான் கடைக்கு வரும். வடிகட்டாத ஒயின் என்பதால் அடியில் வண்டல் தங்கும். குடிப்பதற்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றும்போது கழுத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் இருக்கட்டும். கலங்கல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மூடி திறந்தவுடன் லேசான காடி வாடையும் தோல் வாடையும் வரலாம். கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பாதீர்கள். 2, 3 மணி நேரத்தில் பழமும் மசாலாவும் மேலே வரும். ஒபைதே, மெர்வா என்ற உள்ளூர்த் திராட்சைகளில் செய்யும் அதன் வெள்ளையை 15 டிகிரியில் குடிக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்தால் தேன் மணமும் கொட்டைப் பருப்பின் மணமும் வரவே வராது.

சாப்பாட்டில் எலுமிச்சையும் பூண்டும்தான் சிக்கல். தபூலே என்ற பார்ஸ்லி சாலட், தூம் என்ற பூண்டுக் குழைவு இரண்டும் துவர்ப்பான சிவப்பைக் கசக்க வைக்கும். மெஸ்ஸே என்ற சிறு தட்டு உணவுகள் வந்துகொண்டிருக்கும்வரை வெள்ளை அல்லது ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின். கரியில் சுட்ட ஆட்டிறைச்சி வந்தபின் சிவப்பு. பச்சை இறைச்சியை அரைத்துச் செய்யும் கிப்பேவுக்கு லெபனான்காரர்கள் சோம்பு வாசமுள்ள சாராயமான அரக்கைத்தான் எடுப்பார்கள், அது சரியும்கூட. ஒரு பங்கு அரக், இரண்டு பங்கு தண்ணீர், கடைசியில் ஐஸ். ஐஸை முதலில் போட்டால் மேலே ஆடை படியும். ஸாஹ்லேயில் பெர்தௌனி ஆற்றோர உணவகங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் குவளை வைப்பதும் அதனால்தான்.

வாங்கிய பாட்டிலைக் காரில் வெயிலில் விடாதீர்கள். ஒரு மதியம் போதும், கார்க் தள்ளிக்கொண்டு ஒழுகும். திறந்து மிச்சமிருந்தால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். முஸார் சிவப்பு மறுநாளும் நன்றாக இருக்கும். ரோஸேயை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.