வரிக்கணக்கில் 14 குதிரைகள்

மேற்கு டெக்சாஸில் ஃபோர்ட் டேவிஸ் கோட்டையைப் பார்க்கப் போன அன்றே இந்தத் தேடல் தொடங்கிவிட்டது. 1854-இல் எழுப்பி 1891-இல் இராணுவம் கைவிட்ட கோட்டை அது. மலையடிவாரத்தில் அதிகாரிகளின் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எதிரே வீரர்கள் தங்கிய கட்டடங்களில் பல வெறும் அடித்தளமாகக் கிடக்கின்றன. இத்தனை பேருக்கும் இறைச்சியும், குதிரைகளுக்குத் தீனியும் யார் கொடுத்திருப்பார்கள் என்ற கேள்வி வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை விடவில்லை. அந்த வட்டாரத்து மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரையாவது ஆவணங்களில் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்றரை ஆண்டு பிடித்தது.

முதல் இரண்டு மாதம் வீணானது. அமெரிக்க மேற்கில் குடியேறியவர் என்றால் மத்திய அரசிடம் ஹோம்ஸ்டெட் நிலக் கோப்பு, அதாவது குடியேறியவருக்கு அரசு நிலம் வழங்கியதற்கான கோப்பு, இருக்கும் என்று நம்பி அதையே தேடிக்கொண்டிருந்தேன். டெக்சாஸுக்கு அப்படி ஒரு கோப்பு கிடையாது. 1845-இல் அமெரிக்காவோடு இணைந்தபோது தன் பொது நிலங்களை டெக்சாஸ் தானே வைத்துக்கொண்டது. அதனால் நில ஆவணங்கள் ஆஸ்டினில் இருக்கும் மாநில நில அலுவலகத்தில்தான் கிடைக்கும். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் நம்ப முடியாது. 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் அது பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. ஆகவே 1880 கணக்கெடுப்பைப் பிடித்துக்கொண்டு, தொழில் என்ற கட்டத்தில் கால்நடை வளர்ப்பு என்று எழுதியிருந்தவர்களை மட்டும் குறித்துக்கொண்டேன். அவர்களில் ஒருவர்தான் என்னோடு கடைசிவரை வந்தார். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை; வாரிசுகள் இருக்கலாம்.

அவருடைய நிலம் இருந்த இடம் இன்று ஜெஃப் டேவிஸ் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டமே 1887-இல்தான் பிறந்தது. அதற்கு முன் அது பிரெசிடியோ மாவட்டம். பிரெசிடியோவின் தலைநகர் 1885-இல் ஃபோர்ட் டேவிஸிலிருந்து மார்ஃபாவுக்கு மாறியது. பண்ணை இருந்த இடத்திலேயே இருந்தது, பதிவேடுகள்தான் இடம் மாறின. எல்லை எப்போது மாறியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த அலுவலகத்துக்கும் கிளம்பாதீர்கள்.

டெக்சாஸில் மாட்டுச் சூட்டுக்குறிகளை மாவட்ட எழுத்தரிடம்தான் பதிவு செய்வார்கள். ‘நல்ல மாட்டுக்கு ஒரு சூடு’ என்று நாம் சொல்லும் சூடு வேறு. இங்கே சூடு என்பது சொத்துப் பத்திரம். பதிவேட்டில் பெயர், தேதி, குறியின் படம், அதை உடலின் எந்தப் பக்கத்தில் போடுவது, காதை எப்படி வெட்டுவது என எல்லாம் உண்டு. குறிகளை வாசிப்பதற்கே ஒரு முறை இருக்கிறது: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. எழுத்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் அதைச் ‘சோம்பேறி’ எழுத்து என்பார்கள். நான் தேடியது சோம்பேறி ஆர், அதன் கீழே ஒரு கோடு. அந்தப் படத்தைப் பார்த்தபோது விரலால் தடவிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. எழுத்தர் பேனாவை அழுத்திப் போட்டிருந்த அந்தக் கோடு மட்டும் மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது.

இராணுவப் பக்கம் இதைவிட ஒழுங்கானது. ஒவ்வொரு கோட்டையும் மாதந்தோறும் ஓர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் நோயாளிகள், எத்தனை பேர் காவலில் என்று கட்டம் கட்டமாக வரும். அந்த மாத நிகழ்வுகளுக்கும் ஓர் இடம் உண்டு. 1800 முதல் 1916 வரையிலான இந்த அறிக்கைகள் நுண்படச் சுருள்களில் இருக்கின்றன. என் பண்ணைக்காரர் தன் குதிரைகள் களவுபோனதாகச் சொன்ன மாதத்தின் அறிக்கையில், குதிரைத் திருடர்களின் தடத்தைப் பின்தொடர்ந்து ஒரு சிறு படை போய் வந்ததாக ஒரு வரி இருந்தது. அவர் சொன்னது உண்மைதான் என்று மகிழ்ந்தேன்.

அவர் என்ன சொன்னார் என்பது வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தது. பழங்குடிகளின் தாக்குதலில் சொத்தை இழந்தவர்கள் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 1891 மார்ச் 3-ஆம் தேதிச் சட்டம் வழிசெய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்தன. அவருடையதும் அதில் ஒன்று. காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். தாள்கள் மூன்றாக மடித்தே வைக்கப்பட்டிருந்தன. மடிப்பின் வெளிப்பக்கத்தில் யார் எழுதியது, எப்போது, எதைப் பற்றி என்ற சுருக்கம். முதலில் அவசரப்பட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கங்களை மட்டும் வரிசையாக வாசித்தாலே வழக்கு நடந்த போக்கு புரிந்துவிடும் என்பது மாலையில்தான் தெரிந்தது.

அவர் 40 குதிரைகள் போனதாகக் கேட்டிருந்தார். அண்டை வீட்டார் இருவர் அதையே சத்தியம் செய்திருந்தார்கள். ஊர் திரும்பியதும் ஆஸ்டினில் மாநில நூலகத்தில் அந்த ஆண்டின் வரிக்கணக்கைப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 14 குதிரைகள். வரிக்காகக் குறைத்துச் சொன்னாரா, இழப்பீட்டுக்காகக் கூட்டிச் சொன்னாரா? இரண்டுமே நடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வழக்கு தோற்றது எண்ணிக்கையால் அல்ல. தாக்கிய பழங்குடி அந்தச் சமயத்தில் அமெரிக்காவோடு சமாதானத்தில் இருந்திருந்தால்தான் இழப்பீடு. போரில் இருந்தால் இல்லை. அரசுத் தரப்பு இராணுவத்தின் ஆவணங்களையே எடுத்து வைத்தது. படை துரத்திக்கொண்டு போனதே போர் நடந்ததற்குச் சாட்சி. எந்த வரியைப் பார்த்து நான் மகிழ்ந்தேனோ அந்த வரிதான் அவரை வீழ்த்தியிருக்கிறது. வென்றிருந்தாலும், அந்தப் பணத்தை முதலில் அந்தப் பழங்குடிக்குச் சேரவேண்டிய நிதியிலிருந்துதான் பிடித்திருப்பார்கள். கோப்பு முழுவதும் அப்பாச்சிகள் என்ற அந்தப் பழங்குடியினர் மீதான குற்றச்சாட்டு. அப்பாச்சி ஒருவரின் வாக்குமூலம்கூட அதில் இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

துரத்திப் போனவர்கள் பத்தாம் குதிரைப்படையின் கறுப்பின வீரர்கள், மாதம் 13 டாலர் சம்பளக்காரர்கள். மாத அறிக்கையில் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது, அவர்களுக்கு எண்ணிக்கைதான். இராணுவத்தில் சேர்ந்தவர்களின் பதிவேட்டில் வயது, உயரம், பிறந்த ஊர், செய்த தொழில் எல்லாம் கிடைக்கும், ஆனால் தேடுவதற்கு முதலில் பெயர் வேண்டும். அந்தப் பெயர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வருகைப் பட்டியலில் இருக்கும். அடுத்த பயணத்துக்கு அந்தப் பட்டியலைக் கேட்டு விண்ணப்பச் சீட்டை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.