ஆல்ஃபிரிஸ்டனின் மரச்சட்ட வீடு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில், தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே 14ஆம் நூற்றாண்டுக் கூரை வீடு ஒன்று இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலாக வாங்கிய கட்டடம் இதுதான். வருஷம் 1896, விலை வெறும் 10 பவுண்டு!

இந்த வகை வீடுகளின் மரவேலைதான் என்னை மயக்குகிறது. மொத்தப் பாரத்தையும் ஓக் சட்டங்களே தாங்கும், சுவர் வெறும் அடைப்புதான். குச்சிகளைப் படல் போலப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பிவிடுவார்கள். ஓக்கை ஈரம் காயும் முன்பே செதுக்க வேண்டும், காய்ந்தால் உளி இறங்காது. ஒரு சட்டத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் முனையான கழுந்து. இரண்டையும் கோத்து மர ஆணி அடித்தால் முடிந்தது. மரம் காயக் காயப் பிடிப்பு இறுகும். என்ன அறிவு பாருங்கள்!

நடுக்கூடத்துக்கு மாடி கிடையாது. அண்ணாந்தால் நேரே உத்தரமும் கூரையும்தான். அந்தக் காலக் கூடங்களில் புகைபோக்கியும் இல்லை, தரை நடுவே தீ மூட்டுவார்கள், புகை கூரை வழியே போய்விடும். அப்புறம் அந்தத் தரை: சீமைச்சுண்ணாம்பை இடித்துக் கெட்டித்து, புளித்த பால் ஊற்றி மெழுகியது. சசெக்ஸ் பக்கம் போகிறவர்கள் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள்.