கேஸ மூடுற வால்வ எங்க வைக்கிறது?

இப்ப இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கம் புதுசா கட்டுற வீடுகள்ல சிலிண்டர வெளியில வச்சிட்டு செவுத்துல ஓட்ட போட்டு செம்புக் குழாயில கேஸ குசினிக்குள்ள கொண்டு வர்றாங்க. நல்ல விஷயந்தான். ஆனா அடுப்புப் பக்கம் மூடுற வால்வு எங்கன்னு கேட்டா வீட்டுக்காரங்களே முழிக்கிறாங்க. சொந்தக்காரங்க வீடொன்னுல பேன்ட்ரி கபர்ட் அடிச்ச தச்சுவேல பாஸ் வால்வ பலகைக்குப் பின்னால வச்சே மூடிட்டாரு, ஏன்னு கேட்டா "பார்க்க வடிவில்லையே தங்கச்சி"ங்கிறாரு, அப்ப நெருப்பு புடிச்சா ஸ்குரூ டிரைவர் தேடுறதா?

அமெரிக்காவுல வீட்டு கேஸ் குழாய்க்கான சட்டத்துல, அடுப்பு இருக்கிற அதே அறையில 6 அடிக்குள்ள வால்வு இருக்கணும்னு இருக்கு. நகர்த்தக்கூடிய அடுப்புன்னா அதுக்குப் பின்னால வச்சாலும் அங்க ஏத்துக்குவாங்க. எனக்கு அது சரியா படல, சட்டி பத்தி எரியிறப்ப அதுக்கு மேலால கைய நீட்ட ஏலுமா? பக்கவாட்டுல, அம்மாவுக்கும் கை எட்டுற ஒசரத்துல வைங்க. கைப்பிடி குழாயோட நேரா நின்னா தெறந்திருக்கு, குறுக்கால நின்னா மூடியிருக்கு, கால் சுத்துதான், வீட்ல எல்லாருக்கும் ஒருக்கா திருப்பிக் காட்டுங்க.

தோட்டத்து லயத்து வீடுகள்ல, அதான் வரிசை வீடுகள்ல, அனேகமா சிலிண்டர் அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்கும், அங்க ரெகுலேட்டர் சுவிட்ச்தான் வால்வு. அடுப்புக் குமிழ மட்டும் மூடிட்டுப் படுத்தா ராத்திரி பூரா ரப்பர் ஓஸுக்குள்ள கேஸ் நிக்கும், ஓஸ எலி கடிச்சிருந்தா கதை முடிஞ்சிச்சி. அதுலயும் நம்ம ஆளுங்க குளிருக்கு ஜன்னல் கதவு எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிட்டுத்தான் படுப்பாங்க.

இன்னொன்னு, இத மலையில இருக்கிறவங்கதான் யோசிக்கணும். சமையல் கேஸ் காத்த விட பாரம், மேல போகாது, கீழதான் எறங்கும். நம்ம வீடுகளுக்குப் பின்னால மண்மேட்ட வெட்டி தண்ணி ஓட கான் போட்டிருப்பம்ல, அந்தக் கான் ஓரத்துலதான் சிலிண்டர வைக்கிறாங்க. ஒழுகினா கேஸ் கானுக்குள்ள எறங்கி அப்பிடியே படுத்துக் கெடக்கும், சரிவுல கீழ இருக்கிற வீட்டுப் பக்கமும் போகும். கான விட்டுத் தள்ளி, கொஞ்சம் மேடான சிமெந்து திட்டுல, நிமித்தி வைங்க. சாச்சுப் படுக்கப் போட்டா ஆவிக்குப் பதிலா திரவமே குழாய்க்குள்ள வரும். நுவரெலியா குளிர்ல அடுப்பு மந்தமா எரியிதுன்னு விறகடுப்புக்குப் பக்கத்துல சிலிண்டர உருட்டி வைக்கிற ஆளுங்களும் இருக்காங்க, சொன்னா கோவம் வேற வரும்.

2021 கடைசியில நாடு பூரா கேஸ் அடுப்பு, சிலிண்டர் வெடிச்ச நேரம் எல்லாரும் சவர்க்காரத் தண்ணி பூசிப் பூசிப் பார்த்தோம், இப்ப யார் பார்க்கிறா? சிலிண்டர் மாத்துற நேரமாவது மூட்டுல பூசுங்க, நுரை முட்டை விட்டா ஒழுகுதுன்னு அர்த்தம். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலை வேணாம். மணம் வந்தா கரண்ட் சுவிட்ச போடவும் வேணாம் நிப்பாட்டவும் வேணாம், வால்வ மூடி கதவத் தெறந்துட்டு வெளியில வாங்க.

ஹாட்வெயார்ல வால்வு வாங்கப் போனா தண்ணிக் குழாய்க்குப் போடுற வால்வ எடுத்துத் தருவாங்க, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மஞ்சள் கைப்பிடிய மட்டும் நம்பாம, கேஸுக்குன்னு செஞ்சதான்னு கேட்டு வாங்குங்க.